டைல்ஸ் கடைக்குப் போகுமுன்

பதுளை மாவட்டத்துப் பழைய வீடுகளில் குளியலறை திருத்தும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. கொழும்பிலோ கட்டாரிலோ வேலை செய்யும் பிள்ளை பணம் அனுப்புகிறது. முழங்கால் வலியோடு அம்மாவால் இனிக் குந்தி எழும்ப முடியாது, கொமட் ஒன்று வைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். வீட்டார் முதல் வேலையாக டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். நிறம் பார்த்து, பெட்டிகள் வந்து இறங்கி, மேசன் பாஸ் பழைய சீமெந்துப் பூச்சைத் தட்டிய பிறகுதான் சுவருக்குள் கிடக்கும் குழாய் கண்ணில் படுகிறது. துருவேறி, விரல் பட்டாலே பொருக்குப் பொருக்காக உதிரும் குழாய். கையில் இருந்த பணமோ டைல்ஸ் பெட்டிகளாக இஸ்தோப்பில் அடுக்கப்பட்டிருக்கிறது. "இப்போதைக்கு இருக்கட்டும், மேலே ஒட்டிவிடுவோம்" என்று முடிவாகிறது.

அந்த முடிவின் விலை ஓரிரு வருடங்களில் தெரியவரும். புதுச் சுவரின் ஓரத்தில் ஈரம் ஏறும். பக்கத்து அறையில் சுண்ணாம்புப் பூச்சு ஊதி உதிரும். கசிவு எங்கே என்று தேடுவதற்காக, காசு கொடுத்து ஒட்டிய டைல்ஸைக் காசு கொடுத்தே உடைக்க நேரும். ஊவாவின் சரிவுகளில் இதற்கு மேலும் ஒரு கேடு இருக்கிறது. சுவருக்குள் கசிந்த தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. வீட்டைத் தாங்கும் மண்ணுக்குள் இறங்குகிறது. சமவெளியில் கசியும் குழாயால் தண்ணீர்க் கட்டணம் ஏறும். மலையில் அஸ்திவாரமே பாதிக்கப்படலாம்.

மலைநாட்டு ரயில் பாதை பதுளையை வந்தடைந்தது 1924இல். அதற்கு முன்னும் பின்னுமாக எழுந்த கடைவீடுகளும் அரச விடுதிகளும் துரைமார் பங்களாக்களும் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல, பசறை, லுணுகலைப் பக்கங்களில் இன்னும் நிற்கின்றன. அப்புத்தளைக்கு அருகே சேர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷம் பங்களா இப்போது துறவிமடம். கருங்கல்லும் நல்ல மரமும் நூறு வருடம் தாங்கும். அவற்றுக்குள் ஓடும் குழாய்க்கு அந்த ஆயுள் கிடையாது. கடைகளில் ஜி.ஐ. பைப் என்று கேட்டு வாங்கப்படும் நாக முலாம் பூசிய இரும்புக் குழாய், நல்ல தண்ணீரில் நாற்பது ஐம்பது வருடம் உழைத்தால் அதுவே பெரிது. தாத்தா காலத்தில் போட்ட குழாய் இன்னும் தண்ணீர் தருகிறது என்றால், அது கடன் வாங்கிய நாட்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இரும்புக் குழாய் கெட்டுப்போகும் விதம் கவனிக்கத் தக்கது. முதலில் உள்பக்க நாகப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பிறகு இரும்பு நேரே தண்ணீரைத் தொடுகிறது. துரு மொட்டு மொட்டாகக் கிளம்பி உள்ளே வளர்கிறது. அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர். சுற்றிலும் 3 மில்லிமீற்றர் துரு படிந்தால் மிஞ்சுவது 9 மில்லிமீற்றர். தண்ணீர் போகும் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்துவிடுகிறது. கரடுமுரடான உட்சுவரின் உராய்வையும் சேர்த்தால் ஓட்டம் அதிலும் குறையும். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் குழாய் நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஓட்டையாவது மரை வெட்டிப் பூட்டிய மூட்டுகள், ஏனென்றால் மரை வெட்டிய இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. பித்தளை வால்வும் இரும்பும் நேரே சேரும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

தண்ணீரின் குணமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. உயர்ந்த மலைகளின் ஊற்றுத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, உப்புகள் குறைந்தது. குடிக்க இனிமையான அந்தத் தண்ணீர்தான் இரும்பை அரிப்பதில் முன்னிற்கிறது. மாறாக, பதுளையிலும் வெலிமடைப் பக்கத்திலும் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் பட்டைகள் ஓடுவதால் சில கிணறுகளின் நீர் கடினமாக இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா என்று பார்த்தாலே போதும். படிந்தால், அதே பொருக்கு ஷவரின் துளைகளிலும் கீசரின் சூடேற்றும் கம்பியிலும் படியும். கீசர் வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுவரை உடைக்காமலே பழைய குழாயின் நிலைமையைப் பெருமளவுக்கு அறியலாம். 10 லீற்றர் வாளியொன்றைக் குழாயின் கீழ் வைத்து, முழுதாகத் திறந்து, நிறையும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் நல்லது. இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர்கூட வரவில்லை என்று அர்த்தம். அந்தக் குழாயில் எவ்வளவு விலையுயர்ந்த ஷவரைப் பூட்டினாலும் தலை நனையாது. அடுத்து, விடியற்காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் முதல் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்க்க வேண்டும். செம்மண் நிறம் தெரிந்து, சற்று நேரத்தில் தெளிந்தால் துரு வீட்டுக்குள் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடினாலும் கலங்கலாகவே வந்தால் கோளாறு வெளியே, ஊற்றிலோ பிரதான குழாயிலோ இருக்கிறது. பங்களாக்களின் மூலையில் என்ன உலோகம் என்றே தெரியாத பழைய குழாய் கண்டால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், கத்தியால் கீறினால் மென்மையாகச் சீவி வெள்ளிபோல் மின்னினால் அது ஈயமாக இருக்கலாம். ஈயக் குழாயின் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது; அதைத் திருத்திப் பயனில்லை, கழற்றி எறிய வேண்டியதுதான்.

மீற்றர் உள்ள வீடுகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீற்றரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி பார்ப்பது. எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் விழும் குழாய்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லீற்றரைக் கொண்டுபோய்விடும். மலசலகூடத்தின் தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று அறிய, துணிக்குப் போடும் நீலத்தைத் தொட்டிக்குள் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் பாவிக்காமல் காத்திருந்தால் போதும். கீழே பேசினில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டது. மீற்றருக்கு வெளியே, வீதிப் பக்கத்தில் உடைப்பு என்றால் அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. 1939 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

இந்தச் சோதனைகளை எந்த மாதத்தில் செய்வது என்பதும் ஊவாவில் முக்கியம். நாட்டின் மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை கொட்டும் காலத்தில், மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஊவாவைக் காய வைக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணம் ஏறுகிறது. அதே வறட்சியில் ஊற்றுகள் மெலிகின்றன, குழாய்கள் வெறுமையாகின்றன. தண்ணீர் இல்லாத குழாய்க்குள் காற்றுப் புகுந்து துரு வேகமாகிறது. மேட்டிலிருந்து நீர் இறங்கிப்போகும்போது உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகி, வெடித்த மூட்டுகள் வழியாக வெளிச்சேற்றையும் சாக்கடை நீரையும் இழுத்துக்கொள்கிறது. வறட்சி முடிந்து மீண்டும் தண்ணீர் வரும் முதல் நாள் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருவதற்குக் காரணம் இதுதான். ஆகவே வாளிச் சோதனையைக் கார்த்திகையில் ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் செய்ய வேண்டும். மழைக்காலத்து ஓட்டத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள் ஆவணியில் வாளியோடு பீலிக்கரைக்குத்தான் திரும்புகிறார்கள். அதைச் சமாளிக்கக் கூரைக்கு அருகே ஒரு தண்ணீர் டேங்கியும், அதைத் தாங்கும் பலமான தூணும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

தண்ணீர் குறைவது ஒரு துன்பம் என்றால், அதன் அழுத்தம் கூடுவது இன்னொன்று. பீலி என்பது தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டிய சொல் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஊற்றைக் குழாய் வைத்துத் திருப்பி, குளிக்கவும் துவைக்கவும் பிடிக்கவும் பயன்படுத்தும் இடம். பீலித் தண்ணீர் திறந்தபடியே ஓடும். அதனால் அழுத்தம் சேர இடமில்லை. அதே ஊற்றை மூடிய குழாயில் வீட்டுக்குள் கொண்டுவந்து, நுனியில் வால்வு போட்டதும் கதை மாறுகிறது. உயரம் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடும். ஊற்று வீட்டுக்கு 80 மீற்றர் மேலே இருந்தால், எல்லாரும் குழாயை மூடிவிட்டுத் தூங்கும் நடுச்சாமத்தில் வீட்டுக் குழாய்மீது 800 கிலோபாஸ்கல் அமர்ந்திருக்கும்.

இங்கேதான் பி.வி.சி. பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்கும் பழக்கம் உதவுகிறது. டைப் 600, டைப் 1000 என்று நெடுங்காலமாகப் போடப்பட்ட எண்கள் அந்தக் குழாய் தாங்கும் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் சொல்பவை. அதாவது டைப் 600 ஏறத்தாழ 60 மீற்றர் உயரத்துத் தண்ணீரைத் தாங்கும். மேலே சொன்ன வீட்டில் அது ஒரு நாள் வெடிக்கும். அதுவும் டைல்ஸுக்குப் பின்னால் வெடிக்கும். குடிநீருக்கான பி.வி.சி. குழாய்களின் இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 147. அந்த முத்திரையும் அழுத்த எண்ணும் இல்லாத குழாயை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சுவருக்குள் வைக்கக் கூடாது. உயரம் அதிகமான இடங்களில் வழியிலேயே சிறு தொட்டியொன்று கட்டி, தண்ணீரை அதில் விழவிட்டு மீண்டும் குழாயில் இறக்கினால் அழுத்தம் அங்கே முறிந்துவிடும். ஒரு வீட்டுக்குச் சுலபமான வழி, ஊற்றுக் குழாயைக் கூரையோர டேங்கியில் விட்டு, அங்கிருந்து குளியலறைக்கு இறக்குவது. வெயிலில் கிடக்கும் குழாய்க்கு வேறொரு நோய் உண்டு: சூரிய ஒளியில் பி.வி.சி. வெளிறி, பிறகு முறுகிப்போகும். மண்ணுக்குள் புதைக்க முடியாத இடத்தில் பூச்சாவது பூச வேண்டும்.

ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவதில் பதுளைக்கு ஒரு தனி வரலாறும் இருக்கிறது. உலக வங்கியின் உதவியோடு 1993இல் தொடங்கிய சமுதாய நீர் வழங்கல் மற்றும் சுகாதாரத் திட்டத்தின் முதற் கட்டத்துக்குத் தெரிவான மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மற்றவை இரத்தினபுரியும் மாத்தறையும். ஊர்மக்களே சங்கம் அமைத்து, உழைப்பைத் தந்து, ஊற்றிலிருந்து குழாய் இழுத்துப் பராமரித்தார்கள். அந்த ஏற்பாடு நாட்டுக்கே முன்மாதிரியானது. ஆனால் அந்தக் காலத்தில் புதைத்த குழாய்களுக்கு இப்போது முப்பது வயது. சங்கத் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டார் குளியலறைக்குச் செலவழிக்குமுன், வீதியிலிருந்து தம் வீட்டுக்குப் பிரியும் குழாயின் வயதையும் வழியையும் சங்கத்தின் பழைய ஆட்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். எந்த மரத்தடியில் எந்த மூட்டு இருக்கிறது என்பது பல இடங்களில் யாரோ ஒரு பெரியவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தோட்டத்து லயங்களின் நிலைமை வேறு. 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் ஒற்றைக் காம்பிராவும், முன்னால் இஸ்தோப்பும், பின்னால் குசினிக்காகத் தாங்களே இறக்கிக்கொண்ட தகரக் கூரையுமாக வாழும் குடும்பத்துக்குக் குளியலறை என்பது திருத்தி அமைக்கும் பொருளே இல்லை. பெரும்பாலும் முதன்முறையாகக் கட்டிக்கொள்வது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பீலிக்கரையில் திறந்தவெளியில் குளித்தார்கள், இருட்டில் பொதுக் கக்கூஸுக்கு நடந்தார்கள். வயதுவந்த மகளுக்கு ஒரு கதவு உள்ள குளியலறை கட்டிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைப்பதில் அடங்கியிருப்பது மானம். அந்த வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே சில விடயங்களை முன்கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லயத்தின் பழைய சுவர்கள் பல கருங்கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்புமாக எழுந்தவை. செங்கல் சுவரைக் காடி வெட்டுவதுபோல் அவற்றை வெட்டிக் குழாய் பதிக்கக் கூடாது. கல் நகரும், பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து நகரும். குழாயைச் சுவருக்கு வெளியே கிளிப் போட்டு ஓட்டுவதே பாதுகாப்பு. பார்வைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், கசிந்தால் அன்றே தெரியும், அரை மணியில் மாற்றலாம். இரண்டாவது, ஒரு லயத்துக்கு வரும் குழாய் பெரும்பாலும் ஒன்றுதான். அதிலிருந்தே எல்லாக் காம்பிராக்களுக்கும் பிரிகிறது. தொடக்கத்தில் இருப்பவர் ஷவரும் டேங்கியும் போட்டால் கடைக்கோடியில் இருப்பவரின் வாளி நிறைய மணிக்கணக்காகும். சண்டை மூள்வது அங்கேதான். டேங்கி இரவில் நிறையும்படி நேரம் பேசிக்கொள்வது, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வால்வு வைப்பது என்று லயத்தார் கூடி முடிவெடுத்தால் எல்லாருக்கும் எட்டும். மூன்றாவது, லயக் கட்டடம் தோட்டத்துக்கு உரியது என்பதால் பொதுச் சுவரையோ கானையோ தொடுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கட்டி முடித்த பிறகு உடைக்கச் சொல்வதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

லயங்களுக்குப் பதிலாக, இந்திய அரசின் உதவியில் ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் முதலில் 4,000 தனி வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மலையகம் வந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி, உள்ளேயே மலசலகூடம். அந்த வீடுகளில் குழாய்கள் புதியவை. கவனம் வேண்டியது பின்னாளில் சேர்க்கும் பகுதிகளில். குசினியை நீட்டிக் கட்டும்போது மலக்குழியின்மேல் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். குழி நிறைந்தபின் அதைத் திறக்கவோ பவுசர் குழாயை உள்ளே விடவோ வழி இருக்காது.

சுடுதண்ணீருக்கு வருவோம். பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம், அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். மார்கழி, தையில் அங்கே சுடுதண்ணீர் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது, வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது தேவை. ஆனால் சாதாரண வெள்ளை பி.வி.சி. சூட்டில் இளகும். கீசரிலிருந்து வரும் குழாய் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். என்ற வகையாக இருக்க வேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டும் நீருக்குத் தனிக் குழாய் வேண்டும்; சொட்டுகிறது என்று அந்த வால்வை அடைப்பவர்கள் கொதிக்கும் தொட்டியைச் சுவரில் தொங்கவிடுகிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது குற்றமாகும். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்துக்கான எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் நிலத்துக்குள் நீண்டு ஓடும் இரும்புக் குழாய் நல்ல எர்த்தாக உதவியது. இன்று பைப் பாஸ் வந்து இரும்பை வெட்டிவிட்டு பி.வி.சி. போட்டதும் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. வீட்டில் எல்லா விளக்கும் எரியும், எதுவும் மாறியதாகத் தெரியாது. கீசரில் கோளாறு வரும் நாளில் மட்டுமே எர்த் இல்லாதது தெரியும், அப்போது ஈரக் காலோடு ஷவரின் கீழ் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள். ஆகவே இரும்புக் குழாயைத் தொடுமுன் தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிட்டு, தனி எர்த் கம்பி நடப்பட்டிருக்கிறதா, 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கீசர் வேலை அன்றே நிற்கட்டும்.

வரும் தண்ணீரைப் பற்றி யோசிப்பவர்கள்கூட, போகும் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கொமட்டின் பின்னால் வளைந்து கிடக்கும் கழுத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. குழியின் நாற்றமும் வாயுவும் வீட்டுக்குள் ஏறாமல் அதுவே தடுக்கிறது. 1775இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கடிகாரக்காரர் அலெக்சாண்டர் கமிங் இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை உலகத்தின் மலசலகூடங்கள் அந்த ஒரு பிடி தண்ணீரை நம்பியே இருக்கின்றன. காற்றுக் குழாய் இல்லாத பழைய அமைப்பில், தண்ணீர் ஊற்றும்போது உண்டாகும் உறிஞ்சல் அந்த நீரையும் சேர்த்து இழுத்துச் சென்றுவிடும். "குளுக் குளுக்" என்று சத்தம் கேட்டு, பிறகு நாற்றம் வந்தால் காரணம் இதுதான். வாசனைத் திரவத்தால் இது தீராது. கூரைக்கு மேலே போகும் ஒரு காற்றுக் குழாய் போட வேண்டும்.

பழைய கழிவுக் குழாய்கள் பல சுட்ட மண்ணால் ஆனவை. துண்டு துண்டாக வைத்துச் சீமெந்து பூசியவை என்பதால், மூட்டு வெடித்த இடத்தில் மரவேர் நுழைந்து உள்ளேயே பந்தாகச் சுருண்டிருக்கும். நீலம் கரைத்த தண்ணீரை மூன்று நான்கு வாளி வேகமாக ஊற்றி, அது எங்கே, எவ்வளவு நேரத்தில் வெளிவருகிறது என்று பார்க்கலாம். குழிக்குள் வராமல் முற்றத்துக் கானில் நீலம் தெரிந்தால், இவ்வளவு நாளும் மலக்கழிவு அயலவரின் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. புதிதாகப் போடும் நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரிவு போதும். மலைச்சரிவு கிடைத்துவிட்டது என்று செங்குத்தாக இறக்கினால் தண்ணீர் ஓடிப்போய்விடும், கழிவு நின்றுவிடும்.

செப்டிக் டேங்குக்கும் அதன் உறிஞ்சு குழிக்குமான இலங்கைத் தரநிலை எஸ்.எல்.எஸ். 745. ஊற்றுக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி தள்ளிக் குழி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலையில் அந்தக் கணக்கு மட்டும் போதாது. மேலே உள்ள வீட்டின் குழியும் கீழே உள்ள வீட்டின் ஊற்றும் ஒரே நீரோட்டத்தில் இருந்தால் 100 அடி தள்ளியிருந்தாலும் ஆபத்துதான். பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டினால், எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று சொல்வார்.

இனி மண்ணைப் பற்றி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் பல மலைகள் மறுபடி சரிந்தன. அந்தப் பேரழிவுகளுக்குக் காரணம் பெருமழை. வீட்டுக் குழாய்மீது பழி போட எவரும் துணியக் கூடாது. ஆயினும் மண்சரிவின் அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அதன் பாரத்தைக் கூட்டி, பிடிமானத்தைக் குறைக்கிறது. மழையை நிறுத்த முடியாது. வீட்டிலிருந்து வருடம் முழுவதும் சரிவுக்குள் இறங்கும் குளியல் நீரை நிறுத்த முடியும். வீட்டின் பின்னால் வெட்டிய மண்மேட்டின் உச்சியில் உறிஞ்சு குழி வைப்பதும், குளியலறை நீரைக் குழாயின்றிச் சரிவில் விடுவதும் இந்தப் பகுதியில் செய்யவே கூடாதவை. கழிவு நீர் மூடிய குழாயிலோ சீமெந்துக் கானிலோ இறங்கி ஓடைவரை போக வழி வேண்டும். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பும், எதிர்பாராத இடத்தில் புது ஊற்றும் கண்டால் குளியலறைத் திட்டத்தைத் தள்ளிவைத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு முதலில் அறிவிக்க வேண்டும்.

பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது, 2014இன் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்தது. கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூன் மாதம் பண்டாரவளையில் மக்கள் பெரும் திரளாக வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் வெடித்து, பிறகு பூசி மறைத்த சுவர்களைக் கொண்ட வீடு என்றால், உள்ளிருக்கும் குழாய் மூட்டுகளும் அதே அசைவைப் பட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்வதே புத்தி. அங்கே அரைகுறைத் திருத்தம் வேண்டாம். பழையதை முழுதாகக் கைவிட்டுப் புதுக் குழாய் இழுப்பதே சிக்கனம்.

வேலைக்கு ஆள் பிடிப்பதில் ஒரு சொல். மேசன் பாஸே குழாயும் போட்டுவிடுவார் என்று விட்டுவிடும் வழக்கம் இங்கே அதிகம். நல்ல மேசன் நல்ல குழாய்க்காரராகவும் இருக்கலாம். ஆனால் இப்போது குழாய் பொருத்தும் தொழிலில் என்.வி.கியூ. சான்றிதழ் பெற்ற இளைஞர்கள் மலையகத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது வீண்போகாது. யார் செய்தாலும், சுவரை மூடுமுன் குழாய்களில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஓர் இரவு விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தரைக்கு நீர்க்காப்புப் பூசிய பிறகு வாசலைத் தடுத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி, கீழ்ப்பக்கமும் பக்கத்து அறையும் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். குளியலறைக்கென்று தனி வால்வு ஒன்று, எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை. இரண்டு நாள் பொறுமை போதும்.

பணம் போதாவிட்டால் எதைக் குறைப்பது? சுவரில் கூரைவரை டைல்ஸ் ஒட்டாமல் நான்கடியில் நிறுத்தலாம். கண்ணாடித் தடுப்பை அடுத்த வருடத்துக்கு விடலாம். விலை கூடிய ஷவருக்குப் பதில் சாதாரணமானதைப் பூட்டி, பிறகு மாற்றலாம். குழாயையும் வால்வையும் கழிவுக் குழாயின் சரிவையும் எர்த்தையும் குறைக்க முடியாது, அவை ஒரே தடவை செய்யும் வேலை.

பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸ் நிறத்தைக் கைப்பேசியில் அனுப்பச் சொல்லுமுன், சுவர் திறந்திருக்கும்போதே குழாய்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு படம், அளவு நாடாவை விரித்துவைத்து, தரையிலிருந்து எத்தனை அடியில் எந்தக் குழாய் போகிறது என்று தெரியும்படி. குழி எங்கே, காற்றுக் குழாய் எங்கே, வால்வு எங்கே என்பதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து அந்தச் சுவரில் ஆணி அடிக்கப் போகிறவர் உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம்.